கோர்ட்டில் மடங்கிய குடை

இலங்கையின் ஊவா மாகாணத்தில் தொழிலாளர் சட்டத்துக்கும் வரிச் சட்டத்துக்கும் என்னை விட்டால் ஆள் கிடையாது என்று சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் முதல் ஆள் நான்தான். இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி ஊரும் நம்பிவிட்டது. இந்த இரண்டு சட்டங்களும் எனக்கு எப்படி வந்து சேர்ந்தன என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது வயதாகிவிட்டது, பதுளைக்கு ரயிலே வந்துவிட்டது, இனி எனக்கென்ன மானம்! சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஒரு குடையால் வந்தது.

நான் லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பிய காலத்தில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து மாட்டு வண்டியில் இடுப்பு ஒடிய வரவேண்டும். பதுளைக் கடைத்தெருவில் என் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. ஜவுளியோடு கம்பளி, குடை, லாந்தர் எல்லாம் விற்பார். கடைக்கு மேலே ஒரு அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார். மேசை போட்டேன், சட்டப் புத்தகங்களை அடுக்கினேன், பாரிஸ்டர்கள் தலையில் வைக்கிற வெள்ளைப் பொய்முடியை அதன் தகரப் பெட்டியோடு மேசை மேல் வைத்தேன், கட்சிக்காரர்களுக்காகக் காத்திருந்தேன்.

ஆறு மாதம் காத்திருந்தேன். வந்தவர்கள் அத்தனை பேரும் கீழே வேட்டி எடுக்க வந்தவர்கள். "மேல ஏறிப் போயி நம்ம தம்பியோட முடியப் பாத்துட்டுப் போங்க" என்று அப்பா அனுப்பிவைப்பார். ஒரு பெரியவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "செம்மறியாடுங்களா?" என்று கேட்டார். "குதிரை" என்றேன். "அட பாவமே, எப்பச் செத்துச்சு?" என்றார். எனக்கு அப்போதெல்லாம் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவர் படியிறங்குவதற்குள் கதவைச் சாத்தினேன்.

ஏழாம் மாதம் ஒருநாள் மாடிப்படியில் பெரிய சத்தம். எட்டிப் பார்த்தால், ஒரு தோட்டத் தொழிலாளி கையில் விரித்த குடையோடு படியில் சிக்கிக்கொண்டு நிற்கிறான். மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. நான் ஒரு பக்கம் இழுக்க, அப்பாவின் கடை ஆள் கீழேயிருந்து தள்ள, ஒருவழியாக என் முதல் கட்சிக்காரன் அறைக்குள் வந்து விழுந்தான்.

பதுளைக்கு மேலே எட்டு மைலில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவனுக்கு வேலை. அந்தத் தோட்டங்களின் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மழையென்றால் தொழிலாளி தலையில் கம்பளியைப் போட்டுக்கொள்ளலாம். குடை பிடிக்கக் கூடாது. குடை கங்காணிக்கு உரியது. அதுவும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் கங்காணியே மடக்கிவிடுவார். இதையெல்லாம் எந்தச் சட்டமும் எழுதி வைக்கவில்லை. ஆனால், எஜமானிடம் துடுக்காக நடந்தாலும் வேண்டுமென்றே சொல் கேளாமல் இருந்தாலும் தொழிலாளியை உள்ளே தள்ளலாம் என்று சட்டம் இருந்தது. விரித்த குடையை அதற்குள் அடக்குவது துரைமாருக்குப் பெரிய காரியமில்லை.

"மழை சாமி" என்றான். "தொரை குதிரையில வந்தாரு. கொடைய மடக்குடான்னு கங்காணி கத்துனாரு. நான் மடக்கல. இப்ப சம்மன் வந்திருக்கு. மூணு மாசம் மறியல்ல போட்டுருவாங்கன்னு சொல்றாங்க. நான் உள்ள போயிட்டா நாங்க குடியிருக்கிற லயத்துக் காம்பராவ வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க சாமி. அவ பச்ச ஒடம்புக்காரி, கைப்புள்ளையோட எங்க போவா?"

கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் சொன்னான். நானும் கல்மனம் படைத்தவனல்ல. ஆனால் என் கண் குடை மேலேயே இருந்தது. வாங்கி மடக்கிப் பார்த்தேன். மடங்கவில்லை. முழங்காலில் வைத்து அழுத்தினேன். ஊஹூம். கம்பி ஒன்று வளைந்து வளையத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. லண்டனில் படித்த படிப்பெல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் மணியடித்தது.

"மடக்கலையா, மடக்க முடியலையா?" என்றேன்.

"அது வந்து சாமி, அந்த நேரத்துல எம் பொண்டாட்டி..."

"பொண்டாட்டிய விடு. இது மடங்காத குடை. ஆமாவா, இல்லையா?"

"இப்ப மடங்காதுங்க. கங்காணி புடிச்சு இழுத்தப்ப..."

"கங்காணியையும் விடு!"

"புள்ளைக்கு அன்னைக்கு..."

"ஏய், சட்டம் உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"ஒங்களுக்குத்தானுங்க" என்று வாயை மூடிக்கொண்டான். குடையை என்னிடம் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். உத்தரத்து ஆணியில் விரித்தபடியே தொங்கவிட்டேன்.

வழக்குக்கு முந்தின நாள் மத்தியானம் சாப்பிடும்போது அப்பாவிடம் என் வாதத்தை அவிழ்த்து விட்டேன். "முடியாத காரியத்தை ஒருத்தன் செய்யலன்னா அது சொல் கேளாமை ஆகாதுப்பா. குடையை நீதவான் கையிலயே குடுத்து மடக்கச் சொல்வேன். அவராலயும் முடியாது. அதோட கேஸ் முடிஞ்சது!"

அப்பா சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார். "அது யாரு கடைக் கொட?"

"நம்ம கடைதான். பிடியில நம்ம முத்திரை இருக்கே."

"அப்ப நம்ம கடைக் கொட மடங்காதுன்னு ஊரு முன்னால, கோர்ட்டுல, நீ சொல்லப்போற."

"சட்டத்துக்காகச் சொல்றேன்."

"நல்லா இருக்குடா தம்பி. நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார். என் வாதத்தைத்தான் பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது குடை ஆணியில் அப்படியேதான் தொங்கியது. மேசையில் ஒரு குறடும் சின்ன எண்ணெய்க் கிண்ணமும் இருந்தன. கடை ஆள் லாந்தர் எதையோ பழுது பார்த்திருப்பான் என்று நினைத்தேன். வெளியே நல்ல மழை. என் கட்சிக்காரனின் குடையை விரித்தபடியே படியில் திணறி இறக்கி, அதைப் பிடித்துக்கொண்டு, பொய்முடிப் பெட்டி அக்குளில் இடுக்க, கடைத்தெரு முழுக்கப் பார்க்கும்படி கோர்ட்டுக்கு நடந்தேன்.

நீதவான் வெள்ளைக்காரர். தமிழில் சொல்வதைப் பக்கத்திலிருந்த கோர்ட் முதலியார் இங்கிலீஷிலும், அவர் சொல்வதைத் தமிழிலும் சொல்வார். முதல் வரிசையில் துரை கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பின் பெஞ்சில் அப்பா, பட்டுச் சால்வையோடு, கடைத்தெருவில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

கங்காணி சாட்சிக் கூண்டில் ஏறினார். நான் குறுக்கு விசாரணையை ஆரம்பித்தேன். "நீங்க சொன்னதும் அவன் என்ன செஞ்சான்?"

"கொடைய விரிச்சபடியே நின்னானுங்க. தொப்பலா நனைஞ்சுபோயி நின்னானுங்க. நானே போயி இழுத்தேன், விடலீங்க."

"நனைஞ்சானா காஞ்சானான்னு உங்கள யாரு கேட்டா? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க!" என்று ஒரு அதட்டல் போட்டேன். நீதவான் எதையோ குறித்துக்கொண்டார். என் கம்பீரத்தைத்தான் குறித்துக்கொள்கிறார் என்று எனக்கு நினைப்பு.

பிறகு பேச ஆரம்பித்தேன் பாருங்கள். வெளுத்து வாங்கினேன். மனித சித்தம் என்றால் என்ன, சித்தமில்லாமல் குற்றமுண்டா, ரோமாபுரியில் என்ன சொன்னார்கள், ஒன்றையும் விடவில்லை. கோர்ட் முதலியார் இரண்டு முறை கொட்டாவி விட்டார். கடைசியில் குடையைத் தூக்கி நீதவான் கையில் கொடுத்தேன். "கனம் நீதவான் அவர்களே, தங்களால் முடிந்தால் இதை மடக்குங்கள்!"

நீதவான் ஒரு விரலால் விசையை அழுத்தினார். குடை வழுக்கிக்கொண்டு இறங்கி, பெட்டிப் பாம்பாக அடங்கியது.

மறுபடி விரித்தார். மறுபடி மடக்கினார். சத்தம்கூட வரவில்லை. "அருமையான குடை. எங்கே வாங்கியது?" என்றார்.

"நம்ம கடைங்க!" பின் பெஞ்சில் அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "நம்ம கடைச் சரக்கு, என்னைக்கும் மடங்கும்ங்க!"

கோர்ட்டே சிரித்தது. துரையும் சிரித்தார். பொய்முடிக்குள் வேர்த்து, வேர்வை காதோரம் வழிந்தது. பெற்ற அப்பாவை ஒருவன் கோர்ட்டில் வைத்து என்ன செய்ய முடியும்? சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் கூண்டில் நின்ற என் கட்சிக்காரனின் முகத்தைப் பார்த்ததும் கோபமெல்லாம் வடிந்து, பயம்தான் வந்தது. அவன் சிரிக்கவில்லை. மூன்று மாதத்தை அப்போதே எண்ண ஆரம்பித்துவிட்டவன்போல் நின்றான். வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. ரோமாபுரியும் கைவிட்டுவிட்டது.

நீதவான் மட்டும் குடையை விரித்துத் தம் தலைக்கு மேல் பிடித்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குறிப்பைப் புரட்டினார். "இவன் தொப்பலாக நனைந்து நின்றான் என்று கங்காணி சொன்னார். இவ்வளவு பெரிய குடையை விரித்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படித் தொப்பலாக நனைவான்? இவனையே கேளுங்கள்."

முதலியார் கேட்டார்.

"கொட எனக்கில்லீங்க தொரை" என்றான் என் கட்சிக்காரன். "பத்து நாளுப் புள்ளைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில காட்டிட்டு நானும் எம் பொண்டாட்டியும் திரும்பி வந்தோம். குதிரை வந்ததும் அவ பயந்து, புள்ளையோட மேட்டோரம் குந்திட்டா. நான் வெளிய நின்னு கொடைய அவ மேல கவுத்துப் புடிச்சேன். மடக்கினா புள்ள நனைஞ்சிரும்ங்க."

நீதவான் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை ஏன் உன் வக்கீலிடம் சொல்லவில்லை?"

அவன் என்னைப் பார்த்தான். காட்டிக்கொடுக்கவும் மனமில்லை, பொய் சொல்லவும் தெரியவில்லை. "மூணு தடவ ஆரம்பிச்சேனுங்க. ஐயாவுக்கு வேலை ஜாஸ்திங்க."

கங்காணியை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். குடைக்குள் ஒரு பெண் இருந்தாளா என்று கேட்டார்கள். கங்காணி துரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "இருந்துச்சுங்க. யாரும் கேக்கலீங்களே" என்றார். துரையின் கழுத்து சிவந்துபோனது. குதிரை மேலிருந்து கறுப்புத் துணிதான் தெரிந்தது என்றார். அது உண்மைதான் என்று நினைக்கிறேன்.

வழக்குத் தள்ளுபடி. மறுநாளே, சட்டம் படித்த சிங்கம் ஒன்று துரையைக் கோர்ட்டில் மடக்கிவிட்டதாகத் தோட்டம் தோட்டமாகச் செய்தி போய்விட்டது. அடுத்த வாரம் என் மாடிப்படியில் ஏழு பேர் நின்றார்கள். தொழிலாளர் சட்டம் எனக்கு வந்த கதை இதுதான். நான் வாயை மூடிக்கொண்டிருந்த இரண்டு நிமிஷத்தில் வந்தது.

வரிச் சட்டம் வந்த கதை அதைவிடக் கேவலம். அது அன்றைக்கே, கோர்ட் விறாந்தையில் நடந்தது.

வெளியே வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. எட்டு மைல் நடந்து வந்திருந்த அந்தப் பெண் தூணோரம் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவன் மடக்கிய குடையோடு படியில் நின்று, விறாந்தையின் மறுகோடியில் நின்ற துரையை ஒருமுறை பார்த்தான். கை விசைக்குப் போகவில்லை.

"விரிங்க" என்றாள் அவள். "அதுக்குத்தானே கேஸு நடந்துச்சு?" அவன் தயங்கவே, எழுந்து வந்து குடையை வாங்கி அவளே விரித்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். வரும்போது அவர்கள் குடையில் நான் வந்தது அவளுக்குத் தெரியும். "நீங்களும் வாங்க சாமி. நனையாமப் போயிறலாம்."

"நாலு பேரு தாங்கும், நம்ம கடைக் கொட!" என்று அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பட்டுச் சால்வையோடு குடைக்குள் புகுந்துவிட்டார். பிடியைத் தாமே வாங்கிக்கொண்டார். "வாடா தம்பி, என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?"

விறாந்தையில் வக்கீல்கள் நின்றார்கள். துரை நின்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தோட்டத் தொழிலாளியின் குடைக்குள் தலையைக் குனிந்து நுழைய எனக்கு வெட்கமாக இருந்தது. அதுதான் உண்மை. "நீங்க போங்கப்பா, எனக்கு வேலை இருக்கு" என்றேன்.

அவர்கள் இறங்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் துரை என் பக்கம் வந்தார். தோற்றவர் என்கிற வருத்தமே இல்லை. நல்ல மழை என்றார். ஆமாம் என்றேன். தோட்டத்துப் பத்திரம் ஒன்றில் முத்திரை வரித் தகராறு இருக்கிறது, உமக்கு வரிச் சட்டம் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். ஒரு எழுத்துத் தெரியாது. அன்று பிடித்த அந்த வேலையில்தான் இந்த வீட்டைக் கட்டினேன்.

துரை பத்திரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தலையாட்டிக்கொண்டே தெருவைப் பார்த்தேன். கறுப்புக் குடை கடைத்தெருப் பக்கம் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அப்பா குடையை அந்தப் பெண்ணின் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்ததால், அவருடைய ஒரு தோளும் பட்டுச் சால்வையும் மழையில் ஊறிக்கொண்டிருந்தன. நானும் போயிருந்தால் இடம் போதியிருக்காது என்று அன்றைக்கு எனக்குள் சொல்லிக்கொண்டேன். இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இடம் இருந்தது.