பெயரில்லாத பாட்டில்களைப் பரிமாறியவர்

சவரிமுத்து இறந்துபோன செய்தி வந்தபோது நான் பாதி முகம் மழித்திருந்தேன். கடலூரிலிருந்து முதல் பஸ்ஸில் அவருடைய மருமகன் வந்து வாசலில் நின்றார். "மாமா போயிட்டாரு. விடியக்காலம் தூக்கத்துலியே போயிட்டாரு. சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். ஸ்டோர் மாமாவுக்கு மொதல்ல சொல்லுன்னு அத்த அனுப்பிச்சாங்க" என்றார். துக்க வீட்டுக்குப் போகிறவர் மீதியையும் மழிப்பதா என்று என் மனைவி கேட்டாள். பாதித் தாடியோடு போய் நின்றால் சவரி எழுந்து உட்கார்ந்து கேலி செய்வார் என்று சொல்லிவிட்டு மழித்து முடித்தேன். நாலு மாதம் மூச்சு விடவே கஷ்டப்பட்ட மனிதர். தூக்கத்தில் போனார் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அழுகை பஸ்ஸில் வந்தது.

சிதம்பரத்தில் அவரை அறிந்தவர்கள் பலர். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு வருஷம் சாப்பாட்டுக் கடை நடத்திவிட்டுக் கடலூருக்கே திரும்பிப் போனாரே, அவர்தான். அதற்கு முன் கடலூரில் அவர் என்னவாக இருந்தார் என்பது இங்கே அநேகம் பேருக்குத் தெரியாது. அங்கே நானும் என்னவாக இருந்தேன் என்பது என் மாமனாருக்கே தெரியாது. 'கம்பெனி ஸ்டோர்' என்று மட்டும் தெற்கு வீதியில் அவர் வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். இதை அவர் படிப்பார். படிக்கட்டும், இனி என்ன இருக்கிறது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், மைதானத்துக்குச் சற்றுத் தள்ளி, பெரேரா துரை ஒரு இங்கிலீஷ் ஓட்டல் வைத்திருந்தார். தங்குவதற்கு ஆறு அறைகள், சாப்பிட ஒரு பெரிய கூடம். சவரிமுத்து அங்கே பட்லர். நான் ஸ்டோர் கீப்பர். புதுச்சேரி கூப்பிடு தூரத்தில் இருந்ததால் பிரெஞ்சு ஒயினுக்கு அந்த ஓட்டலில் குறைவே கிடையாது. எந்தச் சாப்பாட்டோடு எந்த ஒயின் என்று சொல்வது சவரியின் வேலை. ஆனால் அவர் குடிக்கமாட்டார். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார், துப்புவார், கொப்பளிப்பார். "மாதா கோயில்ல சத்தியம் பண்ணிருக்கேன் மாமா. முழுங்கமாட்டேன்னுதான் சத்தியம். மோந்து பாக்கறதுல ஒண்ணும் தப்பில்ல" என்பார். துரைமாரைத் தவிர எல்லோரும் அவருக்கு மாமாதான். என்னைவிட இரண்டு வயது சின்னவர் என்பதால் நான் பதிலுக்கு மாப்ளே என்றேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் ஆயுத பூஜை வந்தது. சமையல்காரர் கத்திகளைத் தேய்த்து வைத்தார். வண்டிக்காரர் ஜட்காவுக்கு மாலை போட்டார். என் ஆயுதம் எது என்று யோசித்தேன். ஸ்டோர் அறையின் பின்பக்கத்து இருட்டில் எழுபது எண்பது பாட்டில்கள் தூசியும் நூலாம்படையுமாகப் படுத்துக் கிடந்தன. யாரோ சோம்பேறி இப்படிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் ரொப்பி, அத்தனையையும் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். உரிய மறுத்த லேபிள்களை நகத்தால் சுரண்டினேன். துடைத்து, உயர வாரியாக நிற்க வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். கண்ணாடி பளபளவென்று மின்னியது. பெருமை தாங்காமல் சவரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் கொடுத்த பொரியையும் சுண்டலையும் வாங்கி நிதானமாகத் தின்று முடித்தார்.

"ரொம்ப அழகா இருக்குது மாமா" என்றார். பிறகு, "பேரெல்லாம் எங்க?" என்று கேட்டார்.

தொட்டியில் காகிதக் கூழாக மிதந்துகொண்டிருந்ததைக் காட்டினேன். அவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. யுத்தம் தொடங்கி மறு வருஷம் அது. பிரான்சிலிருந்து கப்பல் வருவது நின்று போயிருந்தது. இனி ஒரு பாட்டில் வராது. இருப்பதில் எது எது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் மிச்சமில்லை. அதைவிட மோசம், மறுநாள் மதியம் மெட்ராசிலிருந்து ஒரு கப்பல் கம்பெனி ஏஜெண்டு சாப்பிட வருகிறார். ஒயினை நாக்கில் வைத்தே ஊரும் வருஷமும் சொல்வேன் என்று பீற்றிக்கொள்கிற வெள்ளைக்காரர். அவருக்குத் திருப்தியானால் அந்தக் கம்பெனி ஆட்கள் எல்லோரும் இனி எங்கள் ஓட்டலில்தான் தங்குவார்கள். காலியாகக் கிடந்த ஓட்டலுக்குப் பெரேரா துரை அவரைத்தான் நம்பியிருந்தார்.

"என் வேலை போச்சு" என்றேன். ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தேன். வேலை போனால் சிதம்பரத்தில் ஏன் போயிற்று என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் மது பரிமாறுகிற ஓட்டலில் வேலை பார்த்தேன் என்பதும் வெளியே வரும். சாயங்கால ரயிலுக்கே போய்விடலாமா என்றுகூடக் கேட்டேன்.

"எங்க போவீங்க? பேருதான் மாமா போச்சி. கொணம் பாட்டிலுக்குள்ளதான இருக்குது? எழுந்திரிங்க" என்றார்.

அந்தப் பிற்பகல் முழுவதும் அவர் பாட்டில்களை வகை பிரித்தார். தோள் நிமிர்ந்த பாட்டில்கள் ஒரு பக்கம். தோள் சரிந்தவை ஒரு பக்கம். ஒல்லியும் நெட்டையுமாக இருந்தவை ஜன்னலோரம். நிறமில்லாத கண்ணாடிக்குள் பொன்னிறமாகத் தெரிந்தவை தனியாக. ஒவ்வொரு கும்பலிலும் ஒன்றைத் திறந்து, மோந்து, சொட்டுப் பார்த்துத் துப்பினார். ஒல்லிப் பாட்டிலுக்கு, "எலுமிச்சம்பழம் மாதிரி சுறுக்குங்குது. பின்னாடி லேசா தித்திப்பு இருக்குது. காரத்துக்கு இதான்" என்றார். தோள் நிமிர்ந்த சிவப்புக்கு முகத்தைச் சுளித்தார். "நாவப்பழம் தின்னாப்பல நாக்கப் புடிக்குது. கொழுப்புள்ள கறி குடுக்கலன்னா இது நம்ம நாக்கையே தின்னுடும்." தோள் சரிந்தது சாதுவாம், கோழிக்குப் போகுமாம். பொன்னிறத்தை மோந்ததும் சிரித்தார். "வெல்லப்பாகு. புட்டிங்கு." சிவப்பை நான் நிற்க வைத்தது ஒருவகையில் நல்லது, கசடு கீழே இறங்கிவிடும், தூக்கும்போது கை ஆடாமல் இருந்தால் போதும் என்று எனக்கு ஆறுதலும் சொன்னார்.

பிறகு சமையலறைக்குப் போனார். ஆட்டுக்கறியைக் காரமாகக் குழம்பு வைக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. "காரத்துக்கு மேல துவர்ப்ப ஊத்தினா வாயி பத்திக்கும். கறிய ரோஸ்ட் போடுங்க. காரமெல்லாம் கிள்ளையிலேர்ந்து வந்த நண்டுல காட்டுங்க, அதுக்கு ஒல்லிப் பாட்டில் இருக்குது" என்று பட்டியலையே மாற்றினார். சமையல்காரர் முணுமுணுத்தார், ஆனால் மாற்றினார்.

மறுநாள் மதியம் ஒவ்வொரு பாட்டிலையும் வெள்ளைத் துணியால் கழுத்துவரை சுற்றி, என் கையில் கொடுத்து எடுத்துவரச் செய்தார். ஏஜெண்டு துரை நாப்கினைக் கழுத்தில் செருகிக்கொண்டு, "என்ன ஒயின் இது?" என்று கேட்டார். சவரி குனிந்து, தன் ஓட்டல் இங்கிலீஷில், "துரை நாக்கு பேர்போன நாக்கு என்று கேள்விப்பட்டோம். துரையே சொல்லட்டும் என்று மறைத்து வைத்திருக்கிறோம்" என்றார்.

மனிதர் அப்படியே மலர்ந்துவிட்டார். நண்டோடு ஒல்லிப் பாட்டிலைக் குடித்து, கண்ணை மூடி, ஏதோ ஒரு ஜெர்மன் ஆற்றங்கரையின் பெயரைச் சொன்னார். கோழிக்கு ஒரு பெயர். ரோஸ்ட்டுக்கு ஒரு பெயர், ஒரு வருஷம், ஒரு சிறு பிரசங்கம். ஒவ்வொன்றுக்கும் சவரி, "துரைக்கு மறைக்க முடியுமா" என்று பின்வாங்குவார். திரைக்குப் பின்னால் நான் காதில் விழுந்ததையெல்லாம் பென்சிலால் எழுதிக்கொண்டேன். யாரைக் கண்டு பயந்தோமோ அவரே எங்களுக்குப் பெயர் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

புட்டிங்கின்போது வந்தது வினை. "எங்கே, லேபிளைக் காட்டு. நான் சொன்னது சரியா பார்ப்போம்" என்று கையை நீட்டினார். சவரி கொஞ்சமும் தயங்காமல் துணியை உருவி, மொட்டையான பாட்டிலை மேஜைமேல் வைத்தார். "துரை சொன்ன பிறகு லேபிள் எதற்கு? அதனால் எடுத்துவிட்டோம்" என்றார்.

ஏஜெண்டு துரை பாட்டிலைப் பார்த்தார், சவரியைப் பார்த்தார், பிறகு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இந்த மாதிரி ஒரு மரியாதை லண்டனில்கூட எனக்குக் கிடைத்ததில்லை என்றார். பெரேரா துரை மட்டும் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதுபோல ஒரு நிம்மதியை என் கல்யாணத்தன்றுகூட அனுபவித்ததில்லை.

அன்று சாயங்காலமே பெரேரா துரையிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சவரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் மாமா. நான் இருக்கற வரைக்கும் தொரகிட்ட இத எடுக்காதீங்க. எனக்காக." ஏன் என்று கேட்டதற்கு, "மொதல்ல வாக்குக் குடுங்க" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

மைதா மாவுப் பசை காய்ச்சி எல்லாப் பாட்டிலுக்கும் புது லேபிள் ஒட்டினோம். மேலே குணம், கீழே ஏஜெண்டு துரை சொன்ன பெயர். அந்தப் பெயர்கள் சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்குமே தெரியுமா என்பது சந்தேகம். சவரிக்குக் கீழ்வரியைப் பற்றிக் கவலையே இல்லை. மேல்வரியைப் பார்த்துத்தான் பரிமாறினார்.

ஒருநாள் நம் ஊர்க்கார வக்கீல் ஒருவர், முதல் தடவையாக ஒரு வெள்ளைக்கார ஜட்ஜைச் சாப்பிடக் கூட்டிவந்தார். ஒயின் பட்டியலைக் கையில் வாங்கியதும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. வாயில் நுழையாத பெயர்கள். சவரி பட்டியலைப் பதமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு, "என்னா சாப்பிடறீங்க, மீனா கறியா? லேசா வேணுமா, கனமா வேணுமா?" என்று காதோடு கேட்டார். வக்கீல் "மீன், லேசா" என்றார். அவ்வளவுதான், ஜட்ஜ் முன்னால் அவர் மானம் தப்பியது. பிறகு சவரி என்னிடம் சொன்னார்: "சாப்பிட வந்தவன பரீட்ச எழுத வெக்கக் கூடாது மாமா."

மதுவிலக்கு வந்தது, ஓட்டல் மூடியது. நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகச் சிதம்பரம் வந்தேன். பின்னாலேயே அவரும் வந்து சாப்பாட்டுக் கடை போட்டார். பாட்டில்கள் போனாலும் புத்தி போகவில்லை. கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவர் காபி கேட்டால் தரமாட்டார். "ரெண்டும் சண்ட போடும். புளிச்ச மோரு குடுக்கறேன், குடிச்சுப் பாருங்க" என்பார். பிரியாணிக்கு எலுமிச்சை சோடா, வடைக்குச் சர்க்கரை கம்மியான காபி. கோபித்துக்கொண்டு போனவர்களும் மறுவாரம் திரும்பி வந்தார்கள். "அவுங்க நாக்குக்கு அவுங்களவிட எனக்கு அக்கற ஜாஸ்தி" என்று சிரிப்பார். உங்களில் பலர் அந்த மோரைக் குடித்தவர்கள்தான்.

நாலு மணி அடக்கத்துக்குப் பெரேரா துரை வந்திருந்தார். கைத்தடி, கோட்டு, கண்ணில் புரை. என்னிடம் வாக்கு வாங்கிய மனிதர் போய்விட்டார். இனிச் சொல்லலாம் என்று அவரை ஓரமாக அழைத்துப்போனேன். எத்தனையோ வருஷமாக அந்தக் கூடத்தில் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் சொல்ல வாயெடுத்து விழுங்கிய விஷயம் அது.

"துரை, ஒரு ஆயுத பூஜையன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"பாட்டில் கழுவினியே, அதான?" என்றார். "அது எனக்கு அப்பவே தெரியும்பா. ஏஜெண்டு வர்றதுக்கு முன்னாடி, காலையில சவரி வந்து என் வராண்டாவுல நின்னான். 'அவரு பக்தியில கழுவிட்டாரு. சாப்பாடு நான் சமாளிக்கறேன். தப்பாப் போச்சுன்னா அவர மட்டும் அனுப்பாதீங்க, ரெண்டு பேரையும் அனுப்புங்க'ன்னான். நான் கத்தின கத்துல காக்கா பறந்துது. அவன் நகரல. சரின்னேன். ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னான். சொன்னா ஒன் கை நடுங்குமாம், கசடு கலங்கிடுமாம். அப்புறமும் சொல்லவேணாம்னுட்டான். நீ அவனுக்குக் கடன்பட்டாப்பல மூஞ்சிய வெச்சிக்குவியாம், அவனுக்கு அது புடிக்காதாம்."

ஆறு பிள்ளைகள் சவரிக்கு அப்போது. கூடத்தில் அவர் துணியை உருவியபோது, மேஜைமேல் இருந்தது என் பிழைப்பு மட்டும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஒயினைப் பற்றி அவரிடம் கேட்டதெல்லாம் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று. நான் ஒண்டியாகப் பயந்து செத்த அந்த ஒருநாளில் நான் ஒண்டியாக இல்லை. அதை நினைக்கும்போதெல்லாம் மனசு லேசாகிவிடுகிறது.

மண் போடக் கூப்பிட்டார்கள். பெரேரா துரைக்குக் கண் சரியாகத் தெரியாததால் அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். ஒரு பிடி மண் எடுத்தேன். இந்தத் தடவை கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.