ஒரு சுரமும் ஊதாத அண்ணா

எங்கள் வீட்டில் பொய்க்கு இடமில்லை என்று தீர்மானித்து அதை அமுல்படுத்தியவர் மாமி. அப்பாவின் தங்கை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பாடசாலை ஒன்றில் மேலைத்தேய சங்கீதம் படிப்பித்தார். கலியாணம் செய்யவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில், கடலில் போய் முடியும் லேன் ஒன்றில், எங்களோடுதான் இருந்தார்.

அவருடைய பாடசாலையில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி, நாட்டில் சண்டை தொடங்கிச் சில வருஷங்களில் ஊர் திரும்பியபோது, தன்னிடம் இருந்த ரெக்கோடர்களை எல்லாம் மாமியிடம் விட்டுப் போனார். ரெக்கோடர் என்றதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஊதிக் காதைக் கிழிக்கும் சின்னப் பிளாஸ்டிக் குழல்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். மாமிக்குக் கிடைத்தவை மரத்தில் கடைந்தவை. சாண் நீளக் குழல் தொடங்கி என் தோள் உயரக் குழல் வரை இருந்தன. அவற்றைப் பூட்டி வைக்க மாமிக்கு மனம் வரவில்லை. ஆட்களைச் சேர்த்தார். சேர்த்தார் என்றால், வீட்டில் இருந்தவர்களைப் பிடித்தார். அம்மாவும் அக்காவும் நானும் அகப்பட்டோம். அப்பாவுக்கு எல்லாவற்றிலும் பெரிய பேஸ் குழல். ஆறாவது ஆள், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பறங்கி அங்கிள். அவருக்குச் சங்கீத ஞானத்தோடு ஆறு பேரும் ஏறக்கூடிய ஒரு பழைய மோட்டார் வானும் இருந்தது.

அந்த வானில் ஏறி, கோயில் கோயிலாகப் போய் வாசித்தோம். தவக்காலத்தில் கொட்டாஞ்சேனை, திருநாள் காலத்தில் முகத்துவாரம், கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு முன்பு எங்கு கூப்பிட்டாலும் அங்கு. எங்களைச் சனங்கள் மிகவும் விரும்பினார்கள் என்று சொல்லமாட்டேன். பேஸ் குழலின் சத்தம் மெல்லியது. விசிறிகள் ஓடினால் கேட்காது. அதனால் மாமி முதல் காரியமாகக் கோயில் விசிறிகளை நிறுத்தச் சொல்வார். கொழும்பு வெயிலில் இருநூறு பேர் வேர்த்து வழிந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் அவர்கள் தட்டும் கைதட்டல் வாசிப்புக்கா, விசிறி மறுபடி சுழலப் போவதற்கா என்று அங்கிள் கேட்பார்.

மாமியின் குழுவில் ஒரேயொரு பாவம்தான் மன்னிக்க முடியாதது. ஊதத் தெரியாத இடம் வந்தால் ஊதாமல் விரலை மட்டும் அசைப்பது. பிழையாக ஊதினால் திருத்துவார். ஊதாமல் நடித்தால் தொலைந்தோம். ஒருமுறை வங்கியில் வேலை செய்த ஒருவர் வந்து சேர்ந்தார். வேகமான இடங்களில் அவர் குழலில் காற்று இல்லை என்று மாமி கண்டுபிடித்துவிட்டார். பயிற்சியின் நடுவே எழுந்து போய் அவர் வாயில் இருந்த குழலை வாங்கித் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "நீங்கள் இனி வரத் தேவையில்லை" என்றார். எனக்கு அப்போது எட்டு வயது. மாமியின்மேல் இருந்த பயம் அன்றைக்குப் பக்தியாகிவிட்டது.

எனக்குப் பத்து வயதான வருஷம், நத்தாருக்கு முந்திய ஞாயிறு, மட்டக்குளியில் ஒரு கோயிலில் எங்கள் வாசிப்பு. அதற்கு மூன்று நாள் முன்பு அப்பாவுக்குக் காய்ச்சல் என்றார்கள். நான் போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. இராத்திரி இரண்டு தட்டு இடியப்பம் சாப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் இருமினார். காய்ச்சல்காரருக்கு இருமல் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அதே நாளில் பெரியம்மாவின் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, வெளிநாடு போவதற்காக வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தவர். இருபத்திரண்டு வயதிருக்கும். லொட்ஜுகளில் பொலிஸ் வந்து பொடியன்களை ஏற்றிக்கொண்டு போகும் காலம் அது. எனக்கு அது தெரியாது என்றில்லை, காலையில் பேப்பர் வருவதுபோல அதுவும் ஒன்று என்று நினைத்திருந்தேன். அண்ணா ஒரு சின்னத் தோல் பையோடு வந்தார். மாமி அவரைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

கதவு இடுக்கால் பார்த்தேன். அண்ணாவின் கையில் அப்பாவின் பேஸ் குழல். மாமி பென்சிலால் மேசையில் தட்டித் தாளம் எண்ணினார். அண்ணாவின் விரல்கள் ஓட்டைகளில் ஏறி இறங்கின. சத்தம் மட்டும் இல்லை. ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒரு சுரமும் வரவில்லை. மாமி கோபிக்கவும் இல்லை. "விரல் பிந்துது. தோளையும் கொஞ்சம் அசையும்" என்றுதான் திருத்தினார்.

கர்த்தர் எழுந்து வந்து களவெடுக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாலும் நான் அவ்வளவு திகைத்திருக்கமாட்டேன். அக்காவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். பதினாலு வயது அக்கா என் கையைக் கிள்ளி, வாயை மூடு என்றாள். அம்மாவிடம் சொன்னேன். அம்மா சீலை மடித்துக்கொண்டே, மாமிக்குத் தெரியும் என்றார். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவருக்கும் வெட்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புறப்பட்டோம். ஆறு பேர் கொண்ட இசைக்குழு, கோயில் வாசிப்புக்குப் போகிறது என்று எங்கள் பங்குத் தந்தை எழுதிய கடிதம் அங்கிளின் சட்டைப் பையில் இருந்தது. அங்கிள் ஓட்ட, மாமி முன்னுக்கு இருந்தார். நடுவில் அண்ணா. அவருடைய தோல் பையை அம்மா இசைத்தாள்களோடு சேர்த்துக் கட்டியிருந்தார். துறைமுகத்தைத் தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் மறித்தார்கள்.

மீசை அரும்பிய ஒரு சிப்பாய் கடிதத்தை வாசித்துவிட்டுத் தலைகளை எண்ணினான். அங்கிளின் அடையாள அட்டையைப் பார்த்தான். பிறகு நீளப் பெட்டியைக் காட்டி, அது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். அண்ணா பெட்டியைத் திறந்து, மூன்று துண்டாக இருந்த குழலைப் பொருத்தினார். மாமி படிப்பித்தபடி அழகாகவே பொருத்தினார். வாசித்துக் காட்டச் சொன்னான் சிப்பாய். மாமி தலையசைத்தார். வானுக்குள் இருந்தபடியே ஒரு நத்தார் கீதத்தின் முதல் வரிகளை ஊதினோம். அண்ணா கண்ணை மூடி, தோளை அசைத்து, விரல்களை ஏற்றி இறக்கினார். அவர் நெற்றியில் இருந்து வேர்வை குழலில் சொட்டியது. சிப்பாய் நல்லாயிருக்கு என்று சொல்லிக் கையைக் காட்டினான். அண்ணாவின் இரண்டு கையும் குழலில் இருந்ததால் அவருடைய அடையாள அட்டையை அவன் கேட்கவில்லை. இதெல்லாம் பின்னால் யோசித்துத் தெரிந்துகொண்டது. அன்று நான் கவனித்தது ஒன்றுதான். ஆமிக்காரனையும் ஏமாற்றியாயிற்று.

கோயிலில் நடந்ததுதான் எனக்குத் தாங்கமுடியாமல் போனது. விசிறிகளை வழக்கம்போல நிறுத்தச் சொன்னார் மாமி. இல்லாத சத்தத்தைக் கேட்பதற்காக அந்தச் சனம் வேர்த்தது. அப்பா பக்கத்தில் இருந்து ஊதும்போது அந்த அடிச்சுரம் நாங்கள் இருக்கும் வாங்குப் பலகை வழியாக என் வயிற்றில் அதிரும். அன்றைக்கு என் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஊதுகிற ஒருவரின் உருவம் மட்டும் இருந்தது. அப்பா தனியாக ஊதும் நாலு வரியை மாமி தன்னுடைய குழலுக்கு மாற்றிவைத்திருந்தார். நற்கருணைப் பேழைக்கு முன்னால் இது நடக்கிறதே, யாரும் தடுக்கவில்லையே என்ற நினைப்பிலேயே ஊதினேன். இரண்டு இடத்தில் பிழைவிட்டேன்.

முடிந்ததும் ஃபாதர் நன்றி சொன்னார். எல்லோரையும் சொல்லிவிட்டு, பெரிய குழல் வாசித்த இளைஞருக்கு விசேஷமாக ஒரு கைதட்டல் என்றார். சனம் எழுந்து நின்று தட்டியது. அண்ணா தலையைக் குனிந்துகொண்டார்.

பீடத்துக்குப் பின்னால் இருந்த அறையில் மாமி குழல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகையும் ஆத்திரமுமாக அவர் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணா ஒரு சுரமும் ஊதேல்ல."

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியும். அவர் இனி வரமாட்டார்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. நீதி பிந்தி வந்தாலும் வந்துவிட்டது. சொன்னபடியே சற்று நேரத்தில் அண்ணா தோல் பையை எடுத்துக்கொண்டு ஃபாதருக்குப் பின்னால் பக்கக் கதவுக்குப் போனார். போகும்போது என் தலையைத் தடவ வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பும்போது வேறு பாதையால் போவதாகத்தான் பெரியவர்களின் திட்டம். யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று அந்த ரோட்டை மூடியிருந்தார்கள். வந்த வழியாலேயே திருப்பிவிட்டார்கள். அதே சாவடி. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அதே சிப்பாய் நின்றான்.

அவன் சிரித்துக்கொண்டுதான் வந்தான். வானுக்குள் எட்டிப் பார்த்தான். நீளப் பெட்டி ஆசனத்தில் தனியாகக் கிடந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. போகும்போது ஆறு பேர் அல்லவா, இதை வாசித்தவன் எங்கே என்று கேட்டான். அங்கிள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிப்பாய் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, கதவோரம் இருந்த என்னிடம் குனிந்து, தங்கச்சி என்பதற்கான சிங்களச் சொல்லால் கூப்பிட்டான்.

"நங்கி, நீ சொல்லு. அவர் எங்க?"

அம்மாவின் விரல்கள் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தன. லேன் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய சிங்களம் எனக்கு நன்றாக வரும். அதோடு, மூன்று நாளாக நான் சொன்னதை ஒருவரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. இப்போதுதான் ஒருவன் கேட்கிறான்.

"அவருக்கு ஊதவே தெரியாது" என்றேன். "சும்மா விரலை ஆட்டினவர். உங்களையும் ஏமாத்தினவர், கோயில்ல எல்லாரையும் ஏமாத்தினவர். நான் மாமியிட்டச் சொன்னன். மாமி அவரைக் கோயில்லேயே விட்டுட்டுத் துரத்திட்டா."

சிப்பாய் மாமியைப் பார்த்தான். துரத்தினது உண்மையா என்று கேட்டான். மாமியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அவன் என்னிடம், பாவம், அந்த மனிதன் வீட்டுக்கு எப்படிப் போவான் என்றான்.

"பஸ்ஸில வரட்டும்" என்றேன்.

அவன் வெடித்துச் சிரித்தான். மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்தவனைக் கூப்பிட்டு, என் சொல்லையே திருப்பிச் சொன்னான். அவனும் சிரித்தான். இவள் எங்கள் சார்ஜன்டை விடக் கடுமையானவள் என்று சொல்லி, வானின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினான். அங்கிள் வானை எடுத்தார். இரண்டு முறை எஞ்சின் நின்றுபோனது.

கொஞ்சத் தூரம் போனதும் அங்கிள் வானை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். முன் ஆசனத்தில் மாமியின் சட்டை முதுகு முழுவதும் நனைந்திருந்தது. அம்மா என் சட்டையை இன்னும் விடவில்லை. ஆமிக்காரனோடு கதைத்ததற்கு எனக்கு வீட்டில் அடி இருக்கிறது என்று நினைத்தேன்.

அண்ணாவைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் அந்த வாசிப்பே நடந்தது என்றும், லொட்ஜில் அவரோடு ஒரே அறையில் இருந்த இரண்டு பேரை அந்த வாரம் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றும், அவர்கள் திரும்பி வரவேயில்லை என்றும் அக்காதான் சொன்னாள். அப்போது எனக்குப் பதினைந்து வயது. கோயிலில் விட்டுவிட்டோம் என்று என் வாயால் இடத்தையும் சொல்லிவிட்டதால், மறுநாள் காலையிலேயே ஃபாதர் அவரை வேறொரு வீட்டுக்கு மாற்றினாராம். அண்ணா தப்பிவிட்டார். இரண்டு மாதம் கழித்து அங்கிள் வீட்டுத் தொலைபேசிக்குக் குளிர் நாடு ஒன்றில் இருந்து அவருடைய அழைப்பு வந்தது. நான் வேறொரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் அகப்பட்டிருப்போம். அக்கா சொல்லி முடித்தபோது, அன்றைக்கு நான் முகம் திருப்பிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

ஆனால் அந்த ஞாயிறு மாலை எனக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. வான் லேனுக்குள் திரும்பியபோது காய்ச்சல்காரரான அப்பா சட்டை போட்டுக்கொண்டு வாசல் கேற்றடியில் நின்றார். இறங்கிய எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மாமி பேஸ் குழல் பெட்டியை அவர் கையில் கொடுத்தார். அம்மா அவர் காதுக்குள் ஏதோ சொன்னார். அப்பா படியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். அடிதான் என்று போனேன்.

"ஆமிக்காரனிட்ட என்ன சொன்னனீர்? ஒரு சொல்லும் விடாமல் சொல்லும்."

சிங்களத்தில் சொன்னபடியே சொன்னேன். ஊதத் தெரியாதது, விரல் ஆட்டினது, ஏமாற்றினது, துரத்தினது எல்லாம். அப்பா பெட்டியின் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று நினைத்தேன். அதனால் "பஸ்ஸில வரட்டும்" என்ற இடத்தை மட்டும் இன்னொருமுறை, இன்னும் சத்தமாக, கையை ஆட்டிச் சொல்லிக் காட்டினேன்.