ஒன்பதாவது கட்டம்

ஆலையில் அவனை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பாடம் நடத்தியவன் அல்ல. பாய்லர் அறையில் தண்ணீர் மட்டம் பார்க்கிற உதவியாள். ஆனால் லீவு கடிதமோ வேலை விண்ணப்பமோ, அவன் கை பட்டால் காரியம் பழம்தான் என்று ஒரு பேர் இருந்தது. "சுறுசுறுப்பானவன், நேர்மையானவன்னு எழுதாதே. அதை எல்லாரும்தான் எழுதறான். நீ என்ன செஞ்சியோ அதை எழுது. கட்டத்தை மட்டும் காலியா விட்றாதே" என்று ஆளாளுக்குச் சொல்லிக் கொடுப்பான்.

ஆலையை மூடினார்கள். மாதங்கள் போயின. பெரிய மருத்துவமனையின் பாய்லர் அறைக்கு ஒரே ஒரு ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. வாத்தியார் முதல் எட்டுக் கட்டங்களை மளமளவென்று நிரப்பினான். ஒன்பதாவதில் பேனா நின்றது: 'பணியில் நேர்ந்த ஆபத்தை நீங்கள் சமாளித்த விதம்.'

ஆபத்து நேர்ந்ததென்னவோ உண்மை. நீராவிக் குழாயின் இணைப்பு பிய்த்துக்கொண்டு, பாய்லர் அறையில் பக்கத்து ஆள் தெரியாமல் போனது. அன்றைக்கு உள்ளே பாய்ந்து பெரிய வால்வைக் கையால் மூடியவன், கூட வேலை பார்த்த பயில்வான். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு அவனுக்கு. பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். வாத்தியார் செய்தது, பின்கதவு வழியாக ஓட்டம் பிடித்தது. அதை எந்த மடையன் விண்ணப்பத்தில் எழுதுவான்?

"இந்த வேலையாவது அமையணும்ங்க" என்றாள் மனைவி, பின்னால் நின்று. "எங்க அண்ணன் வீட்டு வாசல்ல இன்னொரு தடவை போய் நிக்க என்னால முடியாது."

எழுதினான். நன்றாகவே எழுதினான், அதுதான் பாவம். 'நீராவியின் நடுவே சென்று பெரிய வால்வை என் கையால் மூடினேன்.' பயில்வானுக்குத் தெரியவா போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

நேர்காணல் அன்று விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தது சாட்சாத் பயில்வானேதான்.

"டேய் வாத்தியாரே, நீயும் வந்திருக்கியா. நல்லதாப் போச்சு. நம்ம ரெண்டு பேர்ல யாருக்குக் கிடைச்சாலும் சரிதான்."

வாத்தியார் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்துக் குமாஸ்தா கதவைத் திறந்து, பயில்வானின் விண்ணப்பத்தை நீட்டினார்.

"ஒன்பதாவது கட்டம் காலியா இருக்கே. நிரப்பாம உள்ள வாங்கிக்க மாட்டாங்க. சீக்கிரம் எழுதுங்க, அடுத்து உங்க ரெண்டு பேரையும்தான் கூப்பிடுவாங்க."

பயில்வான் தலையைச் சொறிந்தான். "அதுல என்ன எழுதறதுன்னே தெரியலடா. நான் என்னத்தைச் சமாளிச்சேன்? வால்வை மூடினேன். அது நம்ம வேலைதானே. மத்ததையே எப்படியோ கிறுக்கி வெச்சேன், விரலும் மடங்க மாட்டேங்குது. நீயே நல்லதா ஏதாவது எழுதிக் குடு."

பேனாவை நீட்டிய உள்ளங்கையில், வால்வுச் சக்கரத்தின் வளைவு அப்படியே தழும்பாகப் பதிந்திருந்தது.

உண்மையை எழுதினால் மாட்டிக்கொள்வது நிச்சயம். வால்வு ஒன்று, அதை மூடியவர்கள் இரண்டு பேர், கையெழுத்தும் ஒன்று. சப்பென்று எதையாவது கிறுக்கினால் வேலை தன் பக்கம் சாயும். பயில்வான் படித்துக்கூடப் பார்க்க மாட்டான், அவ்வளவு நம்பிக்கை. வாத்தியார் 'நன்றாக' என்று தொடங்கியும் விட்டான். 'உழைப்பேன்' என்று முடித்தால் தீர்ந்தது. கை நகரவில்லை.

"ஆச்சா?" என்றார் குமாஸ்தா.

"ஏன்டா உனக்கு இப்படி வேர்க்குது?" பயில்வான் தன் கைக்குட்டையை எடுத்து அவன் மடியில் வைத்தான்.

அந்தக் கைக்குட்டையை அவனால் தாங்க முடியவில்லை. 'நன்றாக' என்பதை அடித்தான். இத்தனை வருடத்தில் எந்த விண்ணப்பத்திலும் அவன் ஒரு சொல்லைக்கூட அடித்ததில்லை. பிறகு கடகடவென்று எழுதினான்: குழாய் பிய்ந்தது, வால்வை மூடியது, கை வெந்தது, எல்லாம். கடைசி வரி: 'உடனிருந்த உதவியாள் பின்கதவு வழியாக ஓடிவிட்டார்.'

குமாஸ்தா அதை உள்ளே கொண்டுபோன கையோடு வாத்தியாரைக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு விண்ணப்பங்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பொறியாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரே ஆலை, ஒரே வால்வு, கையெழுத்தும் ஒண்ணு. யார் மூடினது?"

வாத்தியார் தன் கைகளைப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக இருந்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அவனோடதுல ஓடிப்போனதா ஒரு உதவியாள் வர்றான் பாருங்க மேடம். அது நான்தான்."

அந்த அம்மாள் அவனுடைய விண்ணப்பத்தை மட்டும் எடுத்துக் கையில் கொடுத்தார்.

வெளியே வந்ததும் பயில்வான் எழுந்தான். "என்னடா கேட்டாங்க?"

"ஒன்பதாவது கட்டத்தைத்தான்."

"நல்லவேளை, எனக்கு நீ எழுதிக் குடுத்தே. ஆமா, உன்னோடதுல என்ன எழுதியிருந்தே?"

வாத்தியார் கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

"உன்னைப் பத்திதான்டா எழுதியிருந்தேன். உள்ள போ, கூப்பிடறாங்க."