கோழி விழுங்கிய வேண்டுதல் காசு

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார இடம் தேடித்தான் ஆகவேண்டும். காசு போட்டால் மிட்டாய் தருவது, எடை சொல்வது, சூதாடுவது என்று எட்டு இயந்திரங்கள் முன்னறையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பைத்தியம் என்கிறார்கள். சொல்லட்டுமே! மலாயா முழுக்கத் தேடினாலும் இப்படி எட்டு ஒரே கூரையின் கீழ் கிடைக்காது. நான் பட்டறை ஃபிட்டர். எட்டும் ஓடும்.

அவற்றில் ராணி, தகரக் கோழி. கிள்ளானில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பழைய இரும்புக் கடையில் கண்டேன். காசு போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், மிட்டாய் அடைத்த தகர முட்டை இடவேண்டும். தவுக்கே இப்போது புழங்கும் சதுரக் காசு ஒன்றைப் போட்டுச் சுற்றிக் காட்டினார். கோழி காசை விழுங்கியது, முட்டை வரவில்லை.

"செத்த கோழி லா. நீ முட்டை போட வச்சிட்டா சும்மா தூக்கிட்டுப் போ. இல்லாட்டி நாளைக்குச் சம்மட்டிதான்."

காசு உள்ளே விழுந்த சத்தத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. இது சதுரக் காசு வருவதற்கு முந்திய காலத்துக் கோழி. பழைய பெரிய வட்டக் காசு விழுந்தால்தான் நெம்புகோல் அசையும்.

வட்டக் காசுக்கு எங்கே போவது? கூட வந்திருந்த என் மனைவியிடம் ஒன்று இருந்தது. முன்பு நான் மலேரியாவில் பிழைப்பேனா என்று கிடந்தபோது, முருகனுக்கு வேண்டிக்கொண்டு அவள் மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காசு. இன்று நாளை என்று பல வருடம் தள்ளிப்போய், அன்றுதான் அதைச் செலுத்தக் கிள்ளான் கோயிலுக்குப் புறப்பட்டிருந்தோம்.

கேட்டேன். வெடித்துவிட்டாள்.

"ஏங்க, புத்தி கெட்டுப்போச்சா? சாமி காசுங்க! முடிஞ்ச காசேதான் போய்ச் சேரணும், மாத்துக் காசு ஆகாது."

"பின்னால தொறந்து உடனே எடுத்துக் குடுத்துடறேன். நம்பு."

முணுமுணுத்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள். போட்டேன், சுற்றினேன். டொக்கென்று முட்டை விழுந்தது! தவுக்கே வாயைப் பிளந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கோழியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். காசுப் பெட்டியில் பித்தளைப் பூட்டு, சாவி இல்லை. கோழியோடு பிறந்த பூட்டு. அது பழுதில்லாமல் இருந்தால்தான் இந்த மாதிரிச் சாமானுக்கு மதிப்பு. வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒரு வாரத்தில் சாவி செய்துவிடுவேன். அதைச் சொல்லத் திரும்பினேன். வெறும் மஞ்சள் துணியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"உங்க உசிருக்காக முடிஞ்சதுங்க அது."

தவுக்கேயிடம் உளி வாங்கினேன். ஒரே அடியில் பூட்டு உடைந்தது. மாலைப் பூசைக்கு முன்பே காசு உண்டியலில் சேர்ந்தது.

இயந்திரங்களைப் பார்க்க வரும் பெரிய மனிதர்கள் அந்தப் பூட்டைத் தொட்டு, "அடடா, எந்த மடையன் இதை உடைச்சான்?" என்பார்கள்.

"நான்தான்" என்பேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.