விரிசல் முனையில் ஒரு பொட்டு

கேகாலைப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், சல்லடை இயந்திரத்தின் மூடியைச் சோதிக்கப் போனபோது அதை இயக்கும் அக்காவைப் பார்த்தேன். நெற்றியில் பெரிய குங்குமம், புருவமெல்லாம் தேயிலைத் தூசி. கண்ணாடிபோன்ற அந்தப் பிளாஸ்டிக் மூடியில், அதிர்வால் தினமும் விரிசல் நீண்டுவந்ததாம். காலையில் அதன் முனைக்கும் ஒரு பொட்டு வைப்பார்.

“மூட்டைய யாரோ இதுமேல போட்டுட்டாங்க தம்பி. ஒடையும்னு பாத்தா, அன்னையிலேருந்து பொட்டத் தாண்டவே இல்ல.”

“அந்தப் பாரத்துல முனை இழுபட்டு இறுகிருச்சுக்கா. கொஞ்ச நாள் நிக்கும், அப்புறம் திரும்ப ஓடும்.”

“அதுக்குள்ள புதுசு கொண்டாந்துருங்க,” என்று சிரித்தார்.

கொண்டுபோனேன். விரிசல் அப்போதும் நகரவில்லை. புது மூடியைப் பூட்டியதும், கீறலே இல்லாத அதன் நடுவில் ஒரு பொட்டு வைத்தார். அளவு பார்க்கத்தான் வைக்கிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன்.