உள்ளே ஆறு பேர்

என் நாத்தனார் விமானம் ஓட்டுகிறார். இதைச் சொன்னதும் கேட்கிறவர்கள் நாற்காலியை விட்டுக் கொஞ்சம் எழுந்துவிடுவார்கள். எங்கே ஓட்டுகிறார் என்று கேட்பார்கள். எங்கள் வீட்டின் பின் அறையில், துணி மடித்து வைக்கும் மேஜைக்கு முன்னால், முதுகுக்கு ஒரு தலையணையும் முட்டிக்கு ஒரு தலையணையும் வைத்துக்கொண்டு என்று நான் சொன்னதும் மறுபடியும் நன்றாக உட்கார்ந்துவிடுவார்கள்.

அவருக்கும் நிஜ விமானத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருபத்து நான்கு வருடம் விமான நிலையத்தில் வேலை பார்த்தவர். ஒரு நாளைக்கு ஏழெட்டு விமானத்தில் ஏறி இறங்குவார். எப்படிப் பார்த்தாலும் ஐம்பதாயிரம் தடவைக்குக் குறையாது. அத்தனை தடவை ஏறியும், அவர் உள்ளே இருக்கும்போது ஒரு விமானமும் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதில்லை. வந்த பயணிகள் இறங்கியபின், போகிறவர்கள் ஏறுவதற்குள் உள்ளே புகுந்து, கூட்டி, துடைத்து, இறங்கிவிட வேண்டும். அதுதான் அவருடைய உத்தியோகம்.

அவரோடு சேர்த்து ஆறு பேர். ஒரு விமானத்தை ஒழுங்காகச் சுத்தம் செய்ய இருபத்திரண்டு நிமிடம் ஆகும் என்பது அவருடைய கணக்கு. குனிந்து நிமிர்ந்து பார்த்துப் போட்ட கணக்கு. மாடியில் ஏசி அறையில் இருந்தவர்கள் உட்கார்ந்தே ஒரு கணக்குப் போட்டார்கள். முதலில் பதினெட்டு என்றார்கள், அப்புறம் பதினைந்து, கடைசியில் பன்னிரண்டு. குப்பை போடுகிறவர்களை மட்டும் யாரும் குறைக்கவில்லை. முட்டி தேய்ந்து இனி ஏணி ஏற முடியாது என்றானபோது கைதட்டி வழியனுப்பி ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்கள். அதனால்தான் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது.

புருஷனும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் தம்பி வீடே கதி என்று இருக்கிறவர் அவர். வேலை போனதும் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். நான்கு மாதம் அப்படியே கிடந்தார்.

"அண்ணி, ஒரு வாய் சாப்பிடுங்க."

"பசிக்கலம்மா."

அதற்கு மேல் பேச்சு கிடையாது. சாப்பாட்டில் உப்பு கூடினால் கேள்வி இல்லை, வாசல் பெருக்காமல் கிடந்தால் ஒரு வார்த்தை இல்லை. நாத்தனார் குறை சொல்லாத வீட்டில் ஒரு நாளாவது வாழ வேண்டும் என்று கல்யாணமான நாள் முதல் கடவுளிடம் கேட்டவள் நான். கடவுள் நான்கு மாதமாகக் கொடுத்தார். கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று தினமும் காலையில் முழங்கால் போட்டு அழுதேன்.

அதையும் கேட்டார். ஆனால் அவருடைய வழியே தனி. மனதைத் தேற்ற ஒரு நல்ல வார்த்தையை அனுப்புவார் என்று நான் காத்திருக்க, அவர் ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக் காட்டினார். வெளியூரில் வேலைக்குப் போன எங்கள் மகன் விட்டுவிட்டுப் போனது அது. "அத்தை, அதுல விமானம் ஓட்டுற விளையாட்டு ஒண்ணு இருக்கு. படுத்துக் கிடக்குறதுக்கு அதைத் தொட்டுப் பாருங்க. உடைஞ்சாலும் பரவாயில்ல" என்று அவன் போனில் சொன்னான்.

உடையத்தான் செய்தது. முதல் வாரம் பதினான்கு விமானம். இரண்டு கடலில், மூன்று மலையில், ஒன்று யாருடைய வீட்டு மொட்டை மாடியிலோ. மிச்சமெல்லாம் தரையை விட்டே எழும்பாமல் வேலியில். இரண்டாவது மாதம் மெதுவாக இறக்கக் கற்றுக்கொண்டார். அன்றைக்கு அறையை விட்டு வெளியே வந்து, "ஏம்மா, கட்டிலுக்கு அடியில கூட்டி எத்தனை நாளாச்சு?" என்றார். நான் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுப் போய் விளக்கேற்றினேன்.

இந்தப் பைத்தியம் அவருக்கு மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டிலிருந்தே பறக்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஒரே ஆகாயத்தில் பறப்பார்கள், ஸ்பீக்கரில் பேசிக்கொள்வார்கள். நாத்தனாரும் சேர்ந்தபின் நாற்பது பேர். ஒருவர் பல் டாக்டர், ஒருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், ஒருவர் மருந்துக் கடைக்காரர். தலைவர் தரைக்கு ஓடு விற்கிறவர். நிஜ விமானக் கம்பெனி மாதிரியே கால அட்டவணை வைத்திருக்கிறார். ஒரு மாதத்தில் மூன்று தடவை லேட்டாகக் கிளம்பினால் பெயரை அடித்துவிடுவார். என் வீட்டுக்காரர் அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர் வைத்தார். மணிக்கூண்டின் கடை என்றைக்காவது சொன்ன நேரத்துக்குத் திறந்ததுண்டா என்று அந்த ஊர்க்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

இந்தச் சங்கத்தில்தான் வினை வந்தது. ஒரு விமானம் இறங்கி மறுபடி கிளம்ப அட்டவணையில் பன்னிரண்டு நிமிடம். நாத்தனாரோ இறங்கியதும் கதவைத் திறப்பார், நேரத்தைக் குறித்துக்கொள்வார், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்காருவார். இருபத்திரண்டு நிமிடம்.

"என்ன அண்ணி, ஏதாவது ரிப்பேரா?" என்று நான் கேட்டேன்.

"சுத்தம் பண்றாங்க."

"யாரு?"

"யாரு பண்ணுவாங்க? பண்றவங்கதான்."

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏன்க்கா, கம்ப்யூட்டர் விமானத்துல யாருக்கா குப்பை போட்டது?"

"நீ ஏறியிருந்தா நீ போட்டிருப்ப."

அந்த மாதம் இரண்டு தடவை லேட் விழுந்துவிட்டது. இன்னும் ஒன்று விழுந்தால் சங்கத்தில் இடமில்லை. அந்த நேரம் பார்த்துச் சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பதினெட்டு விமானம் வரிசையாகக் கிளம்பி ஒரே ஊருக்குப் போக வேண்டும். நாத்தனார்தான் முதல் விமானம். ஆனால் 2:48க்கு வேறு ஊரிலிருந்து வந்து இறங்கி, சரியாக மூன்றுக்குக் கிளம்ப வேண்டும். காலையிலேயே வந்து நின்றால் என்ன என்று கேட்டதற்கு மணிக்கூண்டு, "எல்லாம் நிஜம் மாதிரியே இருக்கணும்" என்று சொல்லிவிட்டாராம்.

சங்கம் போனால் மறுபடியும் கட்டில், மறுபடியும் சுவர். அந்த ஞாயிறு காலை வழக்கத்தைவிட அதிக நேரம் ஜெபித்துவிட்டு, அவர் அறைக்குப் போய் மெதுவாகப் பேச்செடுத்தேன்.

"அண்ணி, இன்னிக்கு ஒரு நாள் அவங்க பன்னிரண்டு நிமிஷத்துல முடிச்சிட்டதா வச்சுக்குங்களேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்படித்தான் மாடியில இருந்தவங்களும் வச்சுக்கிட்டாங்க" என்றார்.

2:48க்குப் பூ வைத்த மாதிரி இறக்கினார். கதவு திறந்தது. கை மடிக்குப் போனது. நானும் என் வீட்டுக்காரரும் பின்னால் நின்றோம். மூன்று மணிக்கு ஸ்பீக்கரில் மணிக்கூண்டு கணீரென்றார்.

"முதல் விமானம், கதவைச் சாத்திட்டுக் கிளம்பலாம்."

"உள்ள வேலை நடக்குதுங்க" என்றார் நாத்தனார்.

"என்ன வேலை?"

"சுத்தம் பண்றாங்க. பத்து நிமிஷம் பொறுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பல் டாக்டர், "அக்கா, இது உங்களுக்கு மூணாவது லேட்டு. விளையாடாதீங்க" என்றார். விளையாடுவதற்கென்றே கூடியிருக்கிற பதினெட்டுப் பேரில் ஒருவர் சொன்ன புத்திமதி இது.

மணிக்கூண்டுக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, உள்ள யாருமே இல்லைம்மா!"

நாத்தனார் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"இதே வார்த்தையைத்தான் அன்னிக்கும் வாக்கிடாக்கியில சொன்னாங்க. உள்ள யாருமே இல்லைன்னு. கதவைச் சாத்தி ஏணியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஏசி நின்னுபோச்சு, நல்ல வெயில். உள்ள ஆறு பேர் இருந்தோம். தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சு. எங்கள்ல ஒருத்தி மயங்கி விழுந்துட்டா. முக்கால் மணி நேரம் கழிச்சு வந்து திறந்தாங்க. திறந்ததும் என்ன கேட்டாங்க தெரியுமா? ஏன் இவ்வளவு லேட்டுன்னு கேட்டாங்க."

இருபத்து நான்கு வருடத்தில் எங்களிடம் இதைச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். ஸ்பீக்கரில் யாரோ இருமினார்கள்.

"மனசுக்குக் கஷ்டமான விஷயம்தான்மா" என்றார் மணிக்கூண்டு. "ஆனா மணி மூணு அஞ்சு."

இரக்கத்துக்கு அவர் ஒதுக்கிய நேரம் அவ்வளவு. பெயரை அடித்தார். பின்னால் நின்ற பதினேழு விமானமும் ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு ஓடுபாதைக்குப் போயின. திரையில் அவை மேலேறி மறைவதை நாத்தனார் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று பத்துக்குக் கதவைச் சாத்தினார். அதே ஊருக்குத் தனியாகப் பறந்தார். அங்கே எல்லாரும் விழா முடிந்து போயிருந்தார்கள். விமானத்தை ஓரமாக நிறுத்தினார், கம்ப்யூட்டரை அணைத்தார், கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தார்.

திங்கள் முழுக்க அப்படியே. செவ்வாயும் அப்படியே. கடவுளிடம் நான் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் பேசினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொய்யான ஆகாயத்தில் உண்மையாக இருந்ததற்கா இந்தத் தண்டனை என்று கேட்டேன்.

புதன்கிழமை பத்து மணிக்கு போன் வந்தது. பள்ளிக்கூட வேன்காரர். அவரே கேட்டுக்கொண்டதால் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அக்கா, நானும் சங்கத்தை விட்டு வந்துட்டேன்."

நாத்தனார் திரும்பவில்லை. "எனக்காக ஒண்ணும் வர வேணாம் தம்பி."

"உங்களுக்காக எங்கக்கா வந்தேன்? எனக்காக வந்தேன். காலையில மணி அடிக்கிறதுக்குள்ள ஓடணும், சாயங்காலம் மணி அடிச்சதும் ஓடணும். வீட்டுக்கு வந்து ஆகாயத்துலயும் ஓடணுமா? உங்க கம்பெனியில இருபத்திரண்டு நிமிஷம் காலை நீட்டி உக்காரலாம்ல? எனக்கு அந்தக் கம்பெனிதான் வேணும்."

தியாகி ஒருவர் வந்துவிட்டார் என்று கண்கலங்கி நின்ற நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் நாத்தனார் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"காலை நீட்டி உக்கார்றதா? யாரு சொன்னா? அந்த இருபத்திரண்டு நிமிஷத்துல என்னென்ன நடக்குதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதுக்கா. சும்மாதானே நிக்குது?"

"சும்மாவா!" தலையணைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேஜைக்கு நடந்தார். முட்டி வலிக்கிறது என்று ஒரு முனகல்கூட இல்லை. "கம்ப்யூட்டரைப் போடு. இறங்கிட்டியா? கதவைத் திற. முதல் நிமிஷம் ஜன்னல் மூடியை எல்லாம் மேல தூக்கணும். வெளிச்சம் இல்லாம என்னத்தைக் கூட்டுவ? அடுத்தது பின்னாலருந்து முன்னால. கையில உறை போட்டுக்கிட்டுத்தான் சீட்டுப் பைக்குள்ள கையை விடணும். கண்டதும் இருக்கும்."

"சரிக்கா."

"சரின்னு சொன்னா ஆகாது, திருப்பிச் சொல்லு."

வேன்காரர் திருப்பிச் சொன்னார். நான் அடுப்பில் வைத்த பால் என்னவாயிற்று என்று போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. வாசற்படியிலேயே நின்றேன்.

"ஏழாவது நிமிஷம். சாப்பாட்டுப் பலகையை எல்லாம் இறக்கித் துடை."

"எப்படிக்கா இறக்குறது? இங்க அதுக்குப் பட்டனே இல்லையே."

"முன்னால என்ன இருக்கு?"

"என் மேஜைதான் இருக்கு."

"அழுக்கா இருக்கா, இல்லையா?"

அந்தப் பக்கம் மேஜை மேல் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது.

"இருக்குக்கா."

"துடை."