அஞ்சு சட்டை

போன வாரம் சேகர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தான். இருபது வருஷத்துக்கு மேல் எங்களுக்குள் பேச்சு இல்லை. எப்படி இருக்கேன் என்றுகூடக் கேட்கவில்லை. "நம்ம மியூசிக் பேண்ட் மறுபடி சேருது. பழைய ஆளுங்கதான். ஷர்ட் சைஸ் சொல்லு. மீடியமா, லார்ஜா?"

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். படித்ததும் மூக்கில் வந்தது கோப்பி வாசனை இல்லை. ஈரத்துணியில் சூடான இஸ்திரிப்பெட்டி படுமே, அந்த வாசனை. டெய்லர் உஸ்மான் பாய் கடை வாசனை.

எங்கள் பேண்டுக்குப் பேர் இரும்புத்தூள். சேகரும் நானும் செம்பவாங் கப்பல் யார்டில் வெல்டர்கள். வேலை முடிந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அதில் வந்த பேர். சேகர் பாட்டு, கிட்டார். நான் பேஸ் கிட்டார். தாஸ் டிரம்ஸ். இன்னும் இரண்டு பேர் வருவார்கள், போவார்கள். முதல் இரண்டு கேசட் வந்த சமயம் சிராங்கூன் ரோட்டில் நடந்தால் திரும்பிப் பார்ப்பார்கள். சேகரைத்தான். நான் மேடையிலும் வெல்டிங் பிடிக்கிற மாதிரி குனிந்தே நிற்பேன். என்னை எதற்குப் பார்ப்பார்கள்?

ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரே துணியில் அஞ்சு சட்டை. தைப்பது தேக்கா பக்கத்துச் சந்தில் கடை வைத்திருந்த உஸ்மான் பாய். அவருடைய அளவு நோட்டில் எங்களுக்கு ஒரு பக்கம் உண்டு. பேர் எழுத மாட்டார். பாட்டு, டிரம், பேஸ் என்றுதான் எழுதுவார். தைத்ததும் போன் பண்ணுவார். நான் போய் எடுத்து வருவேன். வேன் ஓட்டுவதும் நான்தான். லைசென்ஸ் என்னிடம்தான் இருந்தது.

மூன்றாவது ஆல்பத்துக்குக் கருஞ்சிவப்புத் துணி. ரெக்கார்டிங் முடிந்தது. ஜோகூர், ஈப்போ, பினாங்கு என்று மலேசியா டூர் போக வேண்டும். யார்டு கேண்டீனில் சேகர் சொன்னான்.

"தாஸ் அடி தாளத்துக்குப் பின்னால இழுக்குது லா. வேற ஆள் பார்த்துட்டேன்."

"அவன்கிட்ட யார் சொல்றது?"

"நீயே சொல்லிடேன். உன்மேல கோவிச்சுக்க மாட்டான்."

சிராங்கூனில் தாஸ் வீட்டுக்குப் போனேன். அவன் நாசி கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கும் ஒரு தட்டு வைத்தான். சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு, "சட்டையக் கொடு. பட்டன் மாத்தணுமாம்" என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன். அவன் இஸ்திரி போட்டு, மடித்து, பையில் வைத்துக் கொடுத்தான்.

பாய் தையலைப் பிரித்துக்கொண்டே கேட்டார். "யாருக்கு தம்பி பெரிசு பண்றது?"

"டிரம்முக்கு."

"டிரம் பெருத்துடுச்சா?"

சிரித்தேன்.

கிளம்பும் நாள் காலையில் எல்லாரும் சட்டை போட்டு என் அடுக்குமாடி புளோக் கீழே போட்டோ எடுத்தோம். வேனில் ஏறும்போது தாஸ் வந்தான். குச்சிகளைப் பையில் சொருகியிருந்தான். வர வேண்டாம் என்று அவனுக்கு யார் சொன்னது? புது ஆளைப் பார்த்தான். அவன் போட்டிருந்த சட்டையைப் பார்த்தான். ஜன்னல் பக்கம் வந்தான்.

"டேய், என் சட்டை அவனுக்கு இன்னும் டைட்டா இருக்கு லா."

சேகர் கேசட்டைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

"ஜோகூர் காஸ்வே பாலத்துல ஜாம் இருக்கும். பார்த்து ஓட்டு" என்றான் தாஸ்.

நான் கியர் போட்டேன்.

ஈப்போவில் கூட்டம் எங்கள் பாட்டைக் கேட்கவில்லை. "அண்ணே, சினிமா பாட்டு ஒண்ணு எடுத்து விடுங்கண்ணே!" என்று கத்தினார்கள். புது டிரம் ஒரு அடி தப்பவில்லை. எனக்குத்தான் தப்பியது. தாஸ் இழுக்கிற இழுப்புக்குப் பழகின விரல்.

இரண்டு வருஷம் கழித்து நாலாவது ஆல்பம். இளநீலத் துணி. ரெக்கார்டிங் இன்னும் ஆரம்பிக்கவில்லை. என் அளவு நோட்டில் இருப்பதால் அளவெடுக்க என்னைக் கூப்பிடவில்லை என்றுதான் நினைத்தேன். பாய் போன் பண்ணினார், போனேன். பழக்கத்தில் என் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். கை, விரல் நுனி வரை வந்தது.

"பாய், அளவு தப்பிடுச்சு. இது என் தோள் இல்ல."

பாய் நோட்டைத் திருப்பிக் காட்டினார். பேஸ் என்ற இடத்தில் என் பதினாறை அடித்து, பதினெட்டரை என்று எழுதியிருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சேகர் சொல்லலையா தம்பி?"

"மறந்திருப்பான்."

"டீ சொல்லட்டுமா?"

"வேணாம் பாய்."

சட்டையைக் கழற்றினேன். பாய் மறுபடி இஸ்திரி போட்டார். அந்த வாசனைதான் சொன்னேன். அஞ்சையும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறி, சுவா சூ காங்கில் சேகர் வீட்டுக்குப் போனேன். ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்காதீர்கள். எடுத்துப் போவது என் வேலை.

கதவைத் திறந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தான்.

"டேய், நானே சொல்லணும்னுதான் இருந்தேன்…"

"அஞ்சும் சரியா இருக்கு. புது ஆள்கிட்ட சொல்லு, இடது கைப் பட்டன் லூசு."

"உள்ள வாடா."

"ஷிஃப்டு இருக்கு."

ஷிஃப்டுக்குப் போனேன். முகமூடி போட்டால் யாருக்கும் முகம் தெரியாது. நல்ல வேலை அது.

நாலாவது ஆல்பத்தை ஒரு கடையில் கேட்டேன். கீபோர்டு சத்தத்தில் பேஸ் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அஞ்சாவதின் அட்டையில் சேகர் மட்டும் நின்றான். அப்புறம் அதுவும் இல்லை. தாஸைப் போய்ப் பார்த்திருக்கலாம். இதே ஊர். ரயிலில் அரை மணி நேரம். போகவில்லை.

இப்போது சேகருக்கு, "தாஸ் வரானா?" என்று எழுதினேன்.

"நம்பர் இல்ல லா. நீயே சொல்லிடேன்."

இந்தத் தடவை சொல்லத்தான் போனேன். சிராங்கூனில் அதே புளோக், அதே கதவு. திறந்தது வேறு ஆள். வந்து எட்டு வருஷமாம். முன்னால் யார் இருந்தார்கள் என்று தெரியாதாம். பக்கத்து வீட்டிலும் தெரியவில்லை.

திரும்பும்போது தேக்காவில் இறங்கினேன். பாய்க்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு நினைப்பு. கடை இருந்த இடத்தில் போன் கவர் தொங்குகிறது. கல்லாவில் இருந்தவரிடம் கேட்டேன்.

"இங்க டெய்லர் ஒருத்தர் இருந்தாரே?"

"தெரியாதுண்ணே. நான் ஊர்லேர்ந்து வந்தே ஒரு வருஷம்தான். கவர் பார்க்கிறீங்களா?"

உள்ளே ஏசி போட்டிருந்தது. பிளாஸ்டிக் வாசனை. வாசலில் நின்றே சேகருக்குப் பதில் எழுதினேன். "டிரம் கிடைக்கல. பேஸ், பாய் நோட்டுல கடைசியா எழுதினபடி தோள் பதினெட்டரை."

கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டைவிரல் படம் வந்தது.